பயறு வண்டு வயலிலேயே ஏறிவிடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரி மல்லாட்டையோடு (நிலக்கடலை) போட்ட துவரையும் மொச்சையும் தை, மாசியில் வீடு வந்து சேர்கின்றன. சித்திரைக்குள் பயறு வண்டு துளைத்து மூட்டையில் மாவு கொட்டத் தொடங்குகிறது. உடனே சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி, ஆட்கள் படுக்கும் அறையிலேயே மூட்டைக்குள் செருகுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும். வீட்டில் அதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

பயறு வண்டு, காய் முற்றும்போதே வயலில் முட்டையிடுகிறது. பயறின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிதான் அந்த முட்டை. புழு தோலைத் துளைத்து உள்ளே போய்ப் பருப்பைத் தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வருகிறது. ஓட்டை கண்ட பிறகு மேலே வேப்பிலை, நொச்சி பரப்பினால் உள்ளிருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. செய்வதைப் பயறு அடித்துப் பிரித்த வாரத்திலேயே செய்ய வேண்டும்.

பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை காய வையுங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காய்ந்ததை நிழலில் ஆறவிட்டே அள்ளுங்கள். சூட்டோடு டிரம்மில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

சமையல் பயறுக்கு மல்லாட்டை எண்ணெய் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி போதும். மொத்தமாக ஊற்றாமல், பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்து ஒவ்வொரு பயறும் பளபளக்கும்படி கையால் பிசற வேண்டும். எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றை அடைத்துவிடும். எண்ணெய் படாத பயறில் முட்டை தப்பிவிடும். அளவு மீறினால் சிக்கு வாடை அடிக்கும். வேப்பெண்ணெய் கசக்கும் என்பதால் விதைக்கு மட்டும்.

விதைக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ வசம்புத்தூள், அல்லது அதே அளவு கிளர்வூட்டிய களிமண் (பதப்படுத்திய களிமண் தூள்) கலக்கலாம். களிமண் வண்டின் மேல்தோல் மெழுகை உரித்து அதை உலர்த்திக் கொல்கிறது. ஈரப் பயறில் பலிக்காது. துவரைக்குச் செம்மண் கட்டும், அதாவது செம்மண் குழம்பில் பிசறிக் காய வைக்கும் நம் பழைய வழக்கமும் நல்லதுதான், கட்டிய மண் முழுக்கக் காய்ந்தால். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது. ஆகவே வீட்டுச் செலவுக்கானதைச் சீக்கிரம் உடைத்துவிடுவது மேல்.

பழைய சாக்கின் தையல் மடிப்பில் வண்டு பதுங்கியிருக்கும். கொதிநீரில் முக்கிக் காய வைத்த பிறகே நிரப்புங்கள். ஏற்கெனவே ஓட்டை விழுந்த சரக்கை மெல்லிசாகப் பரப்பி, பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் மண் போட்டு உச்சி வெயிலில் விடுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா!

கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய வண்டுப் பொறியைப் பயறின் மேல்மட்டத்தில் பதித்து வைத்தால், மேலே திரியும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழும். முதல் வண்டு விழுந்ததுமே பயறை எடுத்து வெயிலில் போட்டுவிடலாம். இந்தப் பொறியும் களிமண்ணும் மார்கழியிலேயே வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும்படி வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், குடியாத்தம்