முட்டி ஆபரேஷனும் ராத்திரித் தூக்கமும்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கோயில் முக்கு வரை போய் வந்தாய் என்று படித்ததும் இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவ பிடிவாதத்துக்கு முட்டிதான் பயப்படணும்" என்கிறார். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் ஐப்பசியில் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஆள் கிடைத்தபாடில்லை.

சரி, உன் விஷயம். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, ஐஸ் எவ்வளவு நேரம் வைக்கிறாய் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தூக்கத்துக்கு மட்டும் ஒரே வரி: "வலி போனால் தூக்கம் தானாக வரும்." பிசியோதெரபிதான் என் பிழைப்பாக இருந்தது என்பதால் இந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தூக்கம் வந்தால் வலி குறையும் என்பதும் அதே அளவு உண்மை, ராஜி. ஆட்களை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிடத் தூக்கக்கேடு வலியைக் கூட்டுவதுதான் வலுவாகத் தெரிகிறது.

நார்வேயில் டிரோம்சோ என்ற ஊரில் 10,000 பேருக்கு மேல் கூப்பிட்டு, 3 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் கையை விடச் சொன்னார்கள். தாங்குகிற வரைக்கும் வைத்திருக்கலாம், அதிகபட்சம் 106 விநாடி. தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கையை இழுத்துக்கொண்டார்கள். தூக்கக்கேடும் நாள்பட்ட வலியும் சேர்ந்தே இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். 2015இல் வந்த ஆய்வு இது. அப்புறம் 2019இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களின் காலில் சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலியை உணர்கிற பகுதி கூடுதலாகத் துடிக்கிறது. அந்த வலியை எடைபோட்டு அடக்குகிற பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் பயிற்சிக்கு உட்காரும்போது உயிர் போகிற மாதிரி இருக்கிறது என்றாயே, அது முட்டியில் மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை.

இன்னொன்று. உடம்பைப் பழுது பார்க்கிற வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில், அதுவும் முன்னிரவில்தான் சுரக்கிறது. நம் வயதில் ஆழ்ந்த தூக்கமே குறைச்சல். இருக்கிற கொஞ்சத்தையும் பதினோரு மணி வரை சீரியல் பார்த்து விடலாமா?

டெட்ராய்டில் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பகலில் லேசாகத் தூங்கி வழிகிற ஆரோக்கியமானவர்களை நாலு ராத்திரி கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சூட்டில் விரலை வைத்துத் தாங்குகிற நேரம் 25 சதவீதம் கூடிவிட்டது. அதே ஆராய்ச்சியாளர்கள் முன்பு செய்த ஒரு ஆய்வில் 60 மில்லிகிராம் கோடீன் என்கிற வலி மாத்திரை கொடுத்த பலனைவிட இது அதிகமாம்! உன் வலி வேறு, அவர்கள் சூடு வேறு. ஆனாலும் செலவில்லாத மருந்து பார்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் அந்தத் தலையணையை முட்டிக்கு அடியிலிருந்து எடு. இதமாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க மடங்கியே கிடந்தால் முட்டி நேராக நீள மறுக்கும், பிறகு அதற்குத் தனியாக அழ வேண்டியிருக்கும். குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் கீழே வைத்து, முட்டிப் பின்பக்கம் தொங்கலாக இருக்கும்படி படு. ஒருக்களித்துப் படுக்க டாக்டர் சம்மதித்தால் ஆபரேஷன் செய்த கால் மேலே இருக்கட்டும், இரண்டு காலுக்கும் நடுவே கனமான தலையணை ஒன்று.

எட்டு மணிக்கு மாத்திரை போட்டு இரண்டு மணிக்கு வலியில் எழுந்திருக்கிறாய். படுக்கிற நேரத்தை ஒட்டி மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். பக்கத்து வீட்டம்மா தருகிற தூக்க மாத்திரையைத் தொடாதே. டிராமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்திவிடும். சாயங்கால காப்பியையும் விடு. பாஸ்டனில் எலிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்துத் தூங்கவிடாமல் பார்த்தபோது அவற்றுக்கு வலி கூடிற்று. மார்ஃபின்கூட அதை அடக்கவில்லை, காஃபின்தான் அடக்கியது. இதைப் படித்துவிட்டு டிகாஷன் போட ஓடாதே! நன்றாகத் தூங்கிய எலிகளுக்கு அந்தக் காஃபினால் வலியில் ஒரு மாற்றமும் இல்லை.

தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காதே. ஆனால் வாக்கரோடு இருட்டில் எழுந்து நடக்கவும் வேண்டாம். விளக்கைப் போட்டு, கட்டில் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார், கண் சொக்கும்போது படு. பித்தப்பை ஆபரேஷனுக்கு நான் படுத்திருந்த இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு லைட்டைப் போட்டு பி.பி. பார்ப்பார்கள், ஐந்து மணிக்கு வாளி உருட்டுவார்கள். நீ வீட்டில்தானே இருக்கிறாய், உன்னை எழுப்ப யாரும் இல்லை.

வெள்ளையடிக்கிற வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வருகிறோம். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு கொண்டு வருகிறேன். உன் வீட்டு ஸ்பாஞ்சுத் தலையணை கால் வைக்க லாயக்கில்லை, வைத்த அஞ்சு நிமிஷத்தில் அப்பளமாகிவிடும்.

அன்புடன்,
விஜயா