தொட்டால் அழைக்காத தொலைபேசி எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளின் திருமணப் புடவைக்காகக் காஞ்சிபுரத்துச் சிறு கடைகள் சிலவற்றின் இணையதளங்களைச் சென்ற வாரம் கைப்பேசியில் பார்த்தேன். ஒரு கடையின் முகப்பில் கோபுரமும் மணமக்களும் மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தார்களே தவிர, கடை எந்தத் தெருவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்ற விவரம் எங்கும் இல்லை. விசிட்டிங் கார்டைப் படம்பிடித்து அப்படியே ஒட்டியிருந்ததால், எண்ணைத் தொட்டு அழைக்க வழியின்றித் தாளில் குறித்துக்கொண்டு அழைக்க வேண்டியதாயிற்று. எண்ணை எழுத்தாகத் தட்டச்சு செய்து அழைப்பு இணைப்பு கொடுப்பது சில நிமிட வேலைதான்.

தமிழ்ப் பக்கமோ, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்ததால், வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. கேமராப் படங்களைச் சுருக்காமல் ஏற்றியிருந்ததில், ஒவ்வொரு புடவையும் அங்குலம் அங்குலமாக விரிந்தது; தறியின் வேகத்தை உணர்த்தத்தான் அப்படிச் செய்தார்களோ என்னவோ! 2018 ஜூலை முதல் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டிவரும் எச்டிடிபி (http, தகவலை மறையாக்கம் செய்யாமல் அனுப்பும் முறை) முகவரியை இன்னமும் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் (https) ஆக மாற்றாத தளத்தில் யார் முன்பணம் கட்டுவார்கள்? வடிவமைப்பாளருக்கு மீதித் தொகையைக் கொடுக்குமுன், கடைக்காரர்கள் தம் தளத்தைத் தம் கைப்பேசியிலேயே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்