ஆண்டறிக்கை 2024–25: வரி இல்லை, ஈ இருக்கிறது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது என்று பலர் குறைப்பட்டீர்கள். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கணக்கு விவரத்தைப் பொருளாளர் அக்கா தனியாகத் தருவார், அதில் நான் கை வைப்பதில்லை. தமிழ் படிக்க வராத நம் ஃபிஜி உறுப்பினர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி தனியாக வரும்.

புதிதாகச் சேர்ந்த ஆறு குடும்பங்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. நாம் வியாபாரிகள் இல்லை, கமிஷன் வாங்குவதில்லை. ஃபிஜியில் சிங்கடோக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் நாடி நகரப் பக்கத்திலும் காய்கறி போடும் சிறு விவசாயிகளுக்கும், அவர்களிடம் வாங்கி ஏற்றுமதி செய்யும் சில சின்ன ஆட்களுக்கும், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கண்ணும் காதுமாக இருக்கிறோம், அவ்வளவுதான். அங்கே வளையாமல் விறைப்பாக இருந்த வெண்டைக்காய் இங்கே கடைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் கிடையாது. பெட்டி திறக்கும் நேரத்தில் போய் நின்று, படம் எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புகிறோம். நம்மில் பாதிப்பேர் 1903 முதல் சென்னையில் கப்பலேறி ஃபிஜிக்குப் போன கிர்மிட் (ஒப்பந்தக் கூலி) தொழிலாளர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள். மீதிப் பாதி யாழ்ப்பாணம், மதுரை, கோவை. கத்திரிக்காய் விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் “வரியைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு போடலாமே” என்று எழுந்து நிற்கிறார். இந்த வருஷமும் நின்றார். வரி ஏற்கெனவே இல்லை, அண்ணன்மாரே. ஸ்பார்டெக்கா என்ற ஒப்பந்தம் 1981-இல் நடைமுறைக்கு வந்தது. பசிபிக் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வரும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்க வரி வேண்டாம் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2020 டிசம்பரில் பேசர் பிளஸ் என்று இன்னொரு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, ஃபிஜி அதில் கையெழுத்துப் போடவே இல்லை, ஆனாலும் நம் காய்கறிக்கு அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நம்மை நிறுத்துவது சுங்க அதிகாரி அல்ல. ஒரு ஈ.

அந்த ஈ எவ்வளவு பெரிய ஆள் என்று 2025 ஜனவரியில் நாமே பார்த்தோம். ஆக்லாந்தின் பாப்பாட்டோய்ட்டோயில் ஒரு வீட்டுத் தோட்டத்துப் பொறியில், பழத்துக்குள் முட்டை வைத்துக் கெடுக்கும் கீழை நாட்டுப் பழ ஈ ஒன்று, ஒரே ஒரு ஆண் ஈ, அகப்பட்டது. சுற்றியிருந்த தெருக்களிலிருந்து பழமோ காயோ வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. தெருமுனையில் தனிக் குப்பைத்தொட்டிகள், வீடு வீடாக ஆட்கள். நம் உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் தக்காளியும் மிளகாயும் காய்த்துத் தொங்குகிற நேரம். மகள் வீட்டுக்கு ஒரு பை கொண்டுபோக முடியாமல் அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும் (அந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தக்காளித் தொக்குதான்). பிப்ரவரியில் தடையை எடுத்தார்கள். 2019-இல் ஓட்டாராவில் டோங்கா நாட்டுப் பழ ஈ அகப்பட்டபோதும் இதே கதைதான். ஒரு ஈக்கு ஒரு ஊரையே நிறுத்துகிற நாடு, கடல் தாண்டி வருகிற பெட்டியை எப்படிப் பார்க்கும் என்று இப்போது நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஃபிஜிக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. முன்னே எத்திலீன் டைப்ரோமைடு என்ற புகையைப் போட்டு ஈ முட்டையைக் கொன்றார்கள். அது மனுஷனுக்கும் கெடுதல் என்று தெரிந்ததும் 1990-களில் நியூசிலாந்து அதை நிறுத்திவிட்டது. கதவு மூடிக்கொண்டது. அப்போது விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து 1995-இல் நேச்சர்ஸ் வே என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நாடி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழத்தை ஒரு அறையில் அடுக்கி, சூடான காற்றை அழுத்தி அனுப்பி, பழத்தின் நடுப்பகுதி 47 டிகிரியைத் தாண்டும்வரை சூடேற்றி, அப்படியே சிறிது நேரம் வைத்து, பிறகு குளிர வைக்கிறார்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும், பழம் வேகாது. சூடு கொஞ்சம் கூடினால் பப்பாளி உள்ளே கட்டியாகிவிடும், குறைந்தால் சரக்கு போகாது. பப்பாளி, கத்திரிக்காய், மாம்பழம், ஈரப்பலா நான்குக்கும் இதுதான் வழி. இயந்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் அந்த விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களுமேதான். எனக்கு இதில் பிடித்ததே அந்த ஒரு விஷயம்.

2011-இல் ஆஸ்திரேலியப் பணத்தில் பாமா என்று, பசிபிக் தீவு விளைபொருள்களுக்கு வெளிநாட்டுச் சந்தை திறக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள், பின்னால் நியூசிலாந்தும் சேர்ந்தது. (பெயரைக் கேட்டு நம் துணைத்தலைவர் யாரோ அக்கா என்று நினைத்துக்கொண்டு, “அவங்களை விழாவுக்குக் கூப்பிடலாமா” என்று கேட்டது நிகழ்ச்சிக் குறிப்பில் இடம்பெறவில்லை.) சேர்ந்த ஒவ்வொரு தீவு நாட்டிலும் விவசாயி, ஏற்றுமதியாளர், அரசு அதிகாரி மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எந்தப் பொருளுக்கு முதலில் அனுமதி கேட்பது என்று முடிவு செய்வது அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஃபிஜி இஞ்சி ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய எடுத்துக்கொண்ட வருஷங்களைக் கேட்டால், அந்த மேஜை ஏன் தேவை என்று புரியும்.

சரி, நம் வேலைக்கு வருகிறேன். சரக்கு வந்து இறங்கியதும் 600 காய்களை எடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். உயிருள்ள ஒரு பூச்சி, தடைசெய்த வகை, அகப்பட்டால் போதும். புகை போட வேண்டும், இல்லை திருப்பி அனுப்ப வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். மூன்றுக்கும் பணம் இறக்குமதியாளர் கொடுப்பார், அடுத்த மாதம் அது விவசாயியின் விலையில் கழியும். ஆகஸ்டில் ஒரு காலை ஐந்து மணிக்கு நானும் பொருளாளர் அக்காவும் குளிர்கிடங்கு ஒன்றில் நின்றோம். கத்திரிக்காய் மினுமினுவென்று, குறை சொல்ல முடியாது. அக்கா ஒரு காயை எடுத்து, காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பியை நகத்தால் லேசாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி. மாவுப்பூச்சி. அந்தப் படத்தைச் சிங்கடோக்காவுக்கு அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: இத்தனை வருஷம் காயைத் துடைத்துத்தான் அனுப்பினோம், தொப்பிக்குள் யாரும் பார்க்கச் சொல்லவில்லை. இப்போது அங்கே பெண்கள் பல்தேய்க்கும் பிரஷ் வைத்துத் தொப்பியின் ஓரத்தைத் தேய்த்து அனுப்புகிறார்கள். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பெட்டி எதுவும் பூச்சிக்காக நிற்கவில்லை.

இனி, ஒரு தப்பு. மறைப்பதற்கில்லை, தப்பு என்னுடையது. அக்டோபரில் தீபாவளிக்கு முன் கடைக்காரர் ஒருவர் இன்னும் நாலு பெட்டி வெண்டைக்காய் கிடைக்குமா என்று கேட்டார். நான் ஆர்வத்தில் நாடிக்கு நேரே போன் போட்டு, “தம்பி, நாலு பெட்டி சேர்த்துப் போடுப்பா” என்றேன். அவரும் போட்டுவிட்டார். பயிர்நலச் சான்றிதழில் (சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று அங்கே அரசு தரும் காகிதம்) 60 பெட்டி, வந்து இறங்கியது 64. மொத்தச் சரக்கும் நின்றுவிட்டது. திருத்திய காகிதம் வருவதற்கு இரண்டு நாள். வெண்டைக்காய்க்கு இரண்டு நாள் என்பது நமக்கு இரண்டு வருஷம் மாதிரி, வரி வரியாகக் கறுத்துவிட்டது. சங்கப் பணத்திலிருந்து பாதி நஷ்டத்தைக் கொடுத்தோம், மீதியில் ஒரு பங்கு நான் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு விதி: சான்றிதழ் எழுதியபிறகு யாரும், செயலாளர் உட்பட, போனை எடுக்கக் கூடாது.

வெண்டைக்காய் பற்றி இன்னொன்று. ஒரு ஏற்றுமதியாளர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், காய் நன்றாக இருந்தும் கடைக்காரர் ஏன் பத்தில் ஒரு பங்கு கழிவு என்று கணக்கு எழுதுகிறார் என்று. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடையில் நின்று பார்த்தேன். காரணம் நாம்தான். வருகிறவர்கள் எல்லாரும் முனையை ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள், ஒடியாததை அங்கேயே போடுகிறார்கள், ஒடிந்ததையும் சிலர் போடுகிறார்கள். என் மனைவியும் அந்த வரிசையில் இருந்தார். இதற்கு விவசாயி பொறுப்பாக முடியுமா? நீளம் ஒரு விரலுக்கு மேல் போகாமல் பிஞ்சாகப் பறித்து, சின்னப் பைகளில் போட்டு அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். கழிவு குறைந்திருக்கிறது. பை பிரித்து ஒடிப்பவர்களை என்ன செய்வது என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

டிசம்பரில் இரண்டு வாரம் பப்பாளி சரியாக வரவில்லை. இந்தச் சரக்கெல்லாம் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் வருகிறது. மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் விடுமுறைக் கூட்டத்தின் பெட்டிகள் ஏறியபிறகு இடம் மிஞ்சினால்தான் பழத்துக்கு. சூடேற்றி, சோதித்து, முத்திரை வைத்த பழம் ஓடுபாதைப் பக்கத்தில் வெயிலில் கிடந்தது. கடிதம் எழுதினோம், மரியாதையான பதில் வந்தது, பழம் வரவில்லை.

சேப்பங்கிழங்கு, அதாவது அங்கே டாலோ, அது ஒன்றுதான் கப்பலில் நிதானமாக வருகிறது. நியூசிலாந்தில் இந்தக் கிழங்கை விரும்பி வாங்குகிறவர்களில் சமோவாக்காரர்கள் முன்னணி. 1993 வரை சமோவாவே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் இலைக் கருகல் நோய் வந்து ஒரே வருஷத்துக்குள் ஏற்றுமதி படுத்துவிட்டது. ஃபிஜியின் தாவேயுனித் தீவு அந்த இடத்தைப் பிடித்தது. ஒருவர் வீழ்ச்சியில் இன்னொருவருக்குச் சந்தை என்பது கேட்க நன்றாக இல்லை, ஆனால் நடந்தது அதுதான். இதைத் தாவேயுனி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “எங்களுக்கும் அந்த நோய் வரும் நாள் தெரியாதே அண்ணா” என்றார்.

கவா, அதாவது தீவுகளில் ஒரு செடியின் வேரைக் கரைத்துக் குடிக்கும் பானம், அது பற்றிப் பலர் கேட்டீர்கள். ஜெர்மனி 2002-இல் தடை போட்டது, 2014-இல் அங்குள்ள நீதிமன்றமே தடையைத் தள்ளுபடி செய்தது, இடையில் வனுவாட்டு, ஃபிஜி விவசாயிகள் பட்டது பட்டதுதான். 2021 டிசம்பரிலிருந்து ஆஸ்திரேலியா வணிக இறக்குமதியை அனுமதிக்கிறது. சங்கம் அதில் இறங்குவதில்லை என்று செயற்குழு முடிவு. கூட்டம் முடிந்தபின் கொட்டாங்குச்சியில் குடிப்பதற்குத் தடையில்லை.

அடுத்த வருஷத்துக்கு என் ஆசை உறைநிலைச் சரக்கு. தோல் சீவி உறைய வைத்த மரவள்ளியில் ஈயும் இல்லை, மாவுப்பூச்சியும் இல்லை, விமானத்தில் இடம் கேட்டுக் கெஞ்சவும் வேண்டாம். தேங்காய்த் துருவல், சேம்பு இலை எல்லாம் இப்படியே வரலாம். விவசாயிக்கு ஒரு புயல் வந்தாலும் குளிர்பெட்டியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். 2016-இல் வின்ஸ்டன் புயல் அடித்தபிறகு பப்பாளி மரம் திரும்பக் காய்ப்பதற்குள் எத்தனை பேர் வாங்குபவரை இழந்தார்கள் என்று அங்கே போனபோது கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம் போல இருந்தது. தலைவருக்கு உறைநிலைச் சரக்கில் நம்பிக்கை இல்லை. “மரவள்ளியைப் புதுசாத்தான் சாப்பிடணும்” என்கிறார். கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

காலை ஐந்து மணிப் பணிக்கு இப்போது நான்கு பேர்தான் இருக்கிறோம், இருவருக்கு முட்டிவலி. இளைஞர்கள் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளர் அக்காவிடம் கூட்டத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள், வாசலில் வைத்துக் கேட்க வைக்காதீர்கள். பொதுக்குழு மதியம் இரண்டு மணிக்கு, வழக்கமான மண்டபத்தில். சாப்பாட்டில் சிங்கடோக்கா கத்திரிக்காய் உண்டு. தொப்பி எடுத்துத்தான் சமைப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்