முன் பிரேக் பாடம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மோட்டார் சைக்கிள் பயிற்சி மைதானத்தில் ஒருவர் வண்டியோடு சாயும் காணொளி உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். "முன் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி ஆளைக் கவிழ்க்கிறார்கள்" என்ற வரியும் அதோடு சுற்றுகிறது. எங்களிடம் பயின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டாரும் நண்பர்களும் உங்களைத்தான் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

விழுந்தவருக்கு அடி எதுவும் இல்லை. கையுறையும் முழங்கால் காப்பும் போடாமல் யாரையும் மைதானத்தில் இறக்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வண்டி நடைவேகத்தில் உருள்கிறது, ஹேண்டில் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, அந்த நேரத்தில் நான்கு விரலும் சேர்ந்து முன் பிரேக் லீவரை ஒரே இழுப்பாக இழுக்கின்றன. மெதுவாகத் திரும்பும்போது முன் சக்கரத்தை இப்படித் திடீரென நிறுத்தினால் எந்த வண்டியானாலும் திரும்பிய பக்கமே சாயும். யு-டர்ன் போடும்போதும், வண்டி நிறுத்தும் இடத்திலும் பலர் வண்டியைக் கீழே போடுவது இதனால்தான். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கும் பாதி பிடித்த கிளட்சும் மட்டும் போதும் என்று சொல்லித் தருகிறோம். முன் பிரேக் பாடம் ஹேண்டில் நேராக இருக்கும்போதுதான் தொடங்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, முன் பிரேக்கே ஆபத்து என்று பரப்புவதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் போகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குகிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அப்போது பின் பிரேக்கைப் பலமாக மிதித்தால் அந்த லேசான டயர் சுழலாமல் லாக் ஆகி வழுக்கத்தானே செய்யும்? நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கை லீவருக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடும். அதன் பிறகு உலர்ந்த நல்ல சாலையில் இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, விபத்தில் சிக்கியவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டதையும், முன் பிரேக்கைத் தேவையான அளவு பயன்படுத்தாததையும் எடுத்துச் சொன்னது. இன்றும் எங்களிடம் புதிதாக வருபவர்களுக்குப் பின் பிரேக்கை மிதிக்கும் வலது கால்தான் முதலில் போகிறது.

எனவே 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறோம். இரண்டு விரல் லீவர் மேல், பார்வை தூரத்தில், முழங்கால்கள் டாங்க்கை அணைத்தபடி. முதலில் லீவரில் உள்ள தளர்வை மட்டும் எடுக்க வேண்டும். ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அமுங்கும் முன்பே பலமாக இழுத்தால் டயருக்குப் பிடிப்பு வருவதற்குள் சக்கரம் லாக் ஆகிவிடும். முன் சக்கரம் வழுக்கினால் லீவரை உடனே விட்டு, மறுபடி மெல்லப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போயிருந்தால் பின் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் டயர் சட்டென்று பிடித்து, ஆளையே தூக்கி எறிந்துவிடும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லீவர் துடித்தாலும் விடாமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அந்தத் துடிப்புக்குப் பயந்து விட்டுவிடுபவர்கள் அதிகம் என்பதால் பயிற்சியிலேயே துடிக்கும் அளவுக்குப் பிடித்துப் பழகச் சொல்கிறோம்.

"ஒரு நாள் முழுக்க பிரேக்தானா?" என்ற குறையும் வருகிறது. ஆம், ஏறக்குறைய முழு நாளும்தான். ஒதுங்கித் தப்பும் பாடம் அதன்மேல்தான் நிற்கிறது. வலப்பக்கம் ஒதுங்க வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும்; வண்டி வலப்பக்கம் சாய்ந்து விலகும். தள்ளும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் டயரின் பிடிப்பு திரும்புவதற்கே முழுதாக வேண்டும். பிரேக் பிடிப்பதானால் ஒதுங்குவதற்கு முன்போ ஒதுங்கிய பிறகோ, வண்டி நேராக இருக்கும்போது. கண் மோதப் போகும் பொருளில் நிலைத்தால் வண்டியும் அங்கேதான் போகும். இடைவெளியைப் பார்க்க வேண்டும். எதிரே வரும் கார் நம் குறுக்கே திரும்பும்போது இதை யோசித்துச் செய்ய நேரம் கிடைக்காது. சந்திப்பை நெருங்கும்போதே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி விரல்களை லீவர் மேல் வைப்பவருக்கு அந்த ஒரு நொடியில் பாதியாவது மிஞ்சும்.

மூத்த பயிற்சியாளர் ஒருவர் விலகியதால் மாலை வகுப்பு இப்போதைக்கு இல்லை. டயர், பிரேக் பேட் விலையேற்றத்தால் கட்டணமும் சற்றே மாறியிருக்கிறது. விவரம் பதிவுப் படிவத்தில். ஒரு பயிற்சியாளருக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பை மட்டும் தளர்த்த மாட்டோம், வரிசையில் காத்திருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

காணொளி பரவிய அன்றே "நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதியவர்களுக்கும், தாங்கள் கற்றதோடு பிள்ளைகளையும் துணைவரையும் அனுப்பிவைத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நம்பிக்கையில்தான் மைதானம் திறந்திருக்கிறது.

முன்பு பயின்றவர்கள் வண்டி மாற்றியிருந்தால் காலை வகுப்பில் பிரேக் பாடத்தை மட்டும் கட்டணமின்றி மீண்டும் செய்து பார்க்கலாம். கிளம்பும் முன், டயர் சூடாவதற்குள் காற்றைச் சரிபார்த்து வாருங்கள். லீவர் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் அங்கேயே சரிசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
பயிற்சிப் பள்ளியினர்