ஒப்படைத்த சைக்கஸ் ஏன் உடனே திரும்பி வருவதில்லை?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து வளவைத் துப்புரவாக்கும்போது, வாசலோரச் சாடியில் ஓலை கருகி நிற்கும் சைக்கஸைக் கண்டு, எறிவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் எங்கள் நாற்றுமேடைக்குக் கொண்டுவருவோர் பலர். அவற்றை ஓரிரு மாதங்களில் திருப்பித் தர இயலாமைக்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

சைக்கஸ் பனையைப் போலத் தோன்றினாலும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பூக்காமல் கூம்பு வைத்து விதை தரும் மிகப் பழைய தாவர இனம். அதன் தண்டில் மாச்சத்து சேமிக்கப்பட்டிருப்பதால், ஓலை ஒன்றுகூட எஞ்சாத செடியும் மீள இடமுண்டு. ஆகவே எறியுமுன் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. அமுங்கி நாற்றம் வீசினால் அழுகல் தொடங்கிவிட்டது. அப்போதும், வெட்டுமுகத்தில் பழுப்பு நிறம் சிறிதும் இல்லாத வெள்ளைச் சதை தெரியும்வரை அரிந்தெடுத்து, பங்கசுநாசினி பூசி, நிழலில் காயவிட்டுப் பருமணலில் வைத்தால் பிழைப்பதுண்டு. புதுவேர் விடவே மாதக்கணக்காகும். அதுவரை, இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீரே அதற்குக் கேடாக முடியும்.

ஓலையின் அடிப்புறத்தில் வெண்பொடி அப்பியதாகத் தெரிவது பெரும்பாலும், செதில் போன்ற மூடிக்குள் இருந்து சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சியாகும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவிய ஒருவகைச் செதிற்பூச்சி 1996 இல் அமெரிக்காவின் மயாமியிலும் 2003 இல் குவாம் தீவிலும் கண்டறியப்பட்டது. குவாமில் காட்டிலிருந்த சைக்கஸ் மரங்களையே பெருமளவில் அழித்தது. வேரிலும் அது ஒளிந்திருப்பதால், ஓலையைக் கழுவிவிட்டு வேலை முடிந்தது என்று நாங்கள் இருப்பதில்லை. செத்த பூச்சியின் செதிலும் ஓலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், நகத்தால் சுரண்டி ஈரமான மஞ்சள் உடல் தெரிகிறதா என்று பார்த்தே அடுத்த எண்ணெய்த் தெளிப்பை முடிவுசெய்கிறோம்.

எனினும், யாழ்ப்பாணத்துச் சைக்கஸ்களில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். கிணற்று நீரும் அதனாலேயே வன்னீர். இவற்றால் காரத்தன்மை கூடிய மண்ணில் மங்கனீசு என்னும் நுண்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. அதனால் புதிதாக விரியும் ஓலைகள் மஞ்சளித்து, முறுகிச் சுருண்டு, நுனி கருகுகின்றன. இதை வெயிலின் வேலை என்று எண்ணி இன்னும் தண்ணீர் ஊற்றுவோரைக் காண எங்களுக்கு மனம் வருந்துகிறது. பழைய ஓலைகள் மட்டும் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் மகனீசியக் குறைபாடு. அதற்குப் பசளை வேறு. மங்கனீசு சல்பேற்று கொடுத்தாலும் சுருண்ட ஓலை நிமிராது. அடுத்த குருத்தே நல்லதாக வரும். சைக்கஸோ ஓலைகளை ஒவ்வொன்றாக விடுவதில்லை. ஒரு வட்டம் முழுவதையும் ஒரே முறையில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே விரிக்கிறது. நலிந்த செடி அதிலும் தாமதிக்கும். அந்தக் குருத்தைக் காணாமல் செடி தேறிவிட்டது என்று சொல்ல எங்களால் முடியாது. அதனாலேயே பராமரிப்புக் கட்டணத்தையும் குருத்து விரிந்த பின்னரே பெறுகிறோம்.

தாமதத்துக்கு ஈடாக நீண்ட ஆயுளும் இவ்வினத்துக்கு உண்டு. 1775 இல் தென்னாபிரிக்காவிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட, சைக்கஸின் உறவான ஒரு சைக்கட் வகைச் செடி இன்றும் அங்கே சாடியில் வளர்கிறது.

வீட்டில் சாடி மாற்றுவோர், மண்ணின் மேற்பரப்பை ஒட்டி முடிச்சு முடிச்சாகத் தெரியும் வேர்களை நோயென்று வெட்டிவிட வேண்டாம். அவற்றுள் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. பச்சையாக உள்ள ஓலைகளையும் அழகுக்காகக் கழிக்க வேண்டாம். செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாக விதையில், நஞ்சு உண்டு. குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

செதிற்பூச்சி கண்ட செடியைக் கொண்டுவருவோர், வழியில் மற்றவர் வளவுகளுக்குப் பரவாதபடி ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, பெரிய பொலித்தீன் பையால் மூடி எடுத்து வருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நாற்றுமேடையினர்,
யாழ்ப்பாணம்.