‘பொறுப்பில்லை’ என்ற சொல்லைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். என் ஒன்பது வயது மகளின் குறிப்பேட்டில் ஒரே பருவத்தில் பலமுறை இடம்பெற்ற சொல் ‘பொறுப்பில்லை’. வீட்டுப்பாடத்தை முந்தின இரவே முடித்துவிட்டு, பையில் வைக்க மறந்து, வகுப்பில் எழுந்து நின்ற குழந்தைக்கு அச்சொல் பொருந்துமா என்று நீங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கேட்டதை மனத்தில் நிறுத்தியபடி வேலை செய்வது, எழும் உந்துதலை அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவது ஆகிய மூன்றையும், திட்டமிட்டுச் செயலை நடத்த உதவும் மூளையின் நிர்வாகத் திறன்களுக்கு அடிப்படையாக உளவியலாளர்கள் கருதுகிறார்கள். இவற்றைப் பெரிதும் தாங்கி நிற்கும் மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அட்டைகளை நிறப்படி பிரித்துக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையிடம் இனி வடிவப்படி பிரிக்கச் சொன்னால், பல குழந்தைகள் புதிய விதியை வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே கையால் பழைய விதியைத் தொடர்வார்கள்; ஐந்து வயதுக்குள் பெரும்பாலானோர் மாறிவிடுகிறார்கள். தெரிந்திருப்பது வேறு, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வது வேறு. என் மகளுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் நானும் தவறினேன். ஓராண்டு முழுவதும் அவள் பையை நானே அடுக்கினேன். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரிந்தது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1976இல் எழுதிய கட்டுரை, கற்பவருக்குத் தரும் துணையை, வேலை முடிந்ததும் அகற்றப்படும் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டது. நான் சாரம் கட்டவில்லை, கட்டடத்தையே நான் சுமந்தேன். இப்போது கதவருகே ஒட்டிய படப் பட்டியலைப் பார்த்து அவளே அடுக்குகிறாள், நான் “அடுத்து என்ன?” என்று மட்டும் கேட்கிறேன், அந்தக் கேள்வியும் வாரத்துக்கு வாரம் குறைகிறது. நினைவாற்றலை வளர்ப்பதாக விற்கப்படும் கணினி விளையாட்டுகளையும் முயன்றோம். அவளுக்கு அந்த விளையாட்டு மட்டுமே கைவந்தது.

உங்களிடம் கேட்பது பெரிதன்று. நான்கைந்து கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பெரிய செயல்திட்டத்துக்கு இறுதி நாளை மட்டும் அறிவிக்காமல், முதல் படியையும் அதற்குரிய நாளையும் குழந்தையின் வாயாலேயே சொல்ல வையுங்கள். மணியடிக்கும் முன் ஐந்து நிமிடம் பை அடுக்க விடுங்கள், மணியடித்த பின் அவசரத்தில் அன்று. வீட்டிலும் வகுப்பிலும் பட்டியல் ஒன்றாகவே இருக்கட்டும். எங்களுடையதை அனுப்புகிறேன், திருத்தித் தாருங்கள். குறிப்பேட்டில் அச்சொல் இருந்த இடத்தில், அன்று எந்தப் படி விடுபட்டது என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்