பாம்பர்மேன் மூலையில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

அண்ணா,

நான் வேலை பார்த்த கம்பெனியின், அந்த டியூன் ஓடும் கேம் வெளிவந்து நேற்றோடு பத்து வருஷம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதப் போவதில்லை. இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், என்னோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் மென்று விழுங்கித்தான் எழுதுவேன்.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து நம் டியூனை அப்படியே முணுமுணுத்துக் காட்டி, "இது யாருங்க மேடம் போட்டது?" என்று கேட்டான். "டீமா சேர்ந்து பண்ணினோம்" என்றேன். பொய். பாருங்கள், இப்போதும் 'நம் டியூன்' என்றுதான் கை எழுதுகிறது. உங்கள் டியூன்.

அன்று வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. சோமனூரில் தறி நின்றிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணுக்குள் ஓடியது. மற்ற நாளில் குடோன் சத்தத்தில் டிவி கேமில் பாட்டு ஓடுகிறதா என்றே தெரியாது. அன்றைக்கு நீங்கள், குண்டு வைத்துச் செங்கல்லை உடைக்கும் அந்த பாம்பர்மேன் கேசட்டைப் போட்டு, ஒரு குண்டுகூட வைக்காமல், ஆளை மேல் மூலையில் செங்கலுக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டீர்கள். 200-இலிருந்து நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நான், "விளையாடுங்கண்ணா, இல்லீன்னா எனக்குக் குடுங்க" என்று அழாத குறை. "சித்த இரு கண்ணு, கேளு. மேல ரெண்டு குரல் போகுது, கீழ ஒண்ணு தனியா நடக்குது பாரு" என்றீர்கள். நேரம் முடிந்து, காசு மாதிரி உருண்டையான பூதங்கள் செங்கலுக்குள்ளேயே புகுந்து வந்து ஆளைக் கொன்றன. மறுபடி ஸ்டார்ட். மறுபடி மூலை. சாயந்திரத்துக்குள் அந்தச் சின்ன கேசியோ கீபோர்டில் அந்த டியூன் வந்துவிட்டது, இடது கையோடு.

நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் சிப்பில் மொத்தமே ஐந்து ஒலித்தடங்கள். ராகத்துக்கு இரண்டு, கீழ்ச் சுரத்துக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துணுக்குகளுக்கு ஒன்று. நம் வீட்டில் இருந்ததும் அதன் நகல்தான். யாரும் சொல்லித் தராமல் நீங்கள் காதாலேயே பிரித்திருக்கிறீர்கள்.

அந்த இசையைப் போட்டவர் ஜுன் சிக்குமா என்ற பெண், அண்ணா. 1985-இல் பாம்பர்மேன், அடுத்த வருஷம் அட்வென்ச்சர் ஐலண்ட். அரபு இசை படித்தவர், நெய் என்கிற நாணல் குழல் வாசிப்பவர். கோடை லீவு முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம், பெயர் தெரியாது. கான்ட்ரா கேமை முடித்தால் கடைசியில் எச். மாயெசாவா, கே. சாடா என்று வெறும் இனிஷியலோடு இரண்டு பெயர்கள் ஓடும், நாம் அதற்குள் குதித்துக் கத்திக்கொண்டு இருப்போம். 1986-இல் கேசில்வேனியா கேமுக்கு சடோயே தெராஷிமாவோடு சேர்ந்து இசை போட்டவர் கினுயோ யமாஷிடா. அதன் முடிவில் வரும் பெயரோ ஜேம்ஸ் பனானா. பழைய டிராகுலா படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைத் திரித்து வைத்தது. இன்னும் சில கம்பெனிகளில், போட்டிக்காரர்கள் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று பட்டப்பெயர்தான் போட விட்டார்கள். இதையெல்லாம் படித்து எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி?

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய டியூனை முதலில் சும்மா தற்காலிகமாகத்தான் எங்கள் கேமில் வைத்தேன். வேறு டியூன் வந்ததும் மாற்றிவிடலாம் என்றார்கள். வரவில்லை. பெயர் போடும் திரையே அந்த கேமில் கிடையாது, என் பெயரும் இல்லை. அந்த மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை, அதை மட்டும் எழுதலாம். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், அப்பா கடன், எல்லாம் உண்மை. அதற்காக, கேட்டவர்களிடம் பத்து வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியாகிவிடாது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டு, என் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து வந்து, மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கேம் கம்பெனி வேலை" என்று பெரியம்மா கேட்ட அன்றைக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், பேசவில்லை. ரிமோட்டும் எனக்கு எப்போதும் இரண்டாவதுதான், பாம்பர்மேனில் அதற்கு வேலையே கிடையாது. நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா, எத்தனை லீவு!

சரி. பெரியப்பா தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். இனி அந்த வீட்டில் எல்லா நாளும் நிசப்தம்தான். கீபோர்டைத் திறந்தீர்களா?

அந்தப் பையனின் மெயில் ஐடியை வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்கும், இங்கே இந்தக் கடிதத்தின் மேலேயும் உங்கள் பெயரை எழுதப் போகிறேன். கேட்காமல் எடுத்தது ஒருமுறை போதும், அதனால் இன்னும் எழுதவில்லை. எப்படிப் போடட்டும், இனிஷியலோடா, ஊர்ப் பெயரோடா?